காய்ந்த தரை என்று சொன்னது நான்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை ஐந்தே முக்காலுக்கு அண்ணனின் வண்டி உதைக்கு அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைத் துடைத்து, திரும்ப மாட்டியதில் முக்கால் மணி நேரம் போனது.
2. ஊரைத் தாண்டிய முதல் ஏரிக்கரையிலேயே என் வண்டியின் முன்சக்கரத்தில் வேலிகாத்தான் முள் ஏறியது.
3. பஞ்சர் ஒட்டுவதற்கென்று கொண்டுபோன பசை டியூபுக்குள்ளேயே கல்லாகியிருந்தது.
4. வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் பஞ்சர் கடை தேடிப் போன நேரத்தில், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை நாய் தின்றுவிட்டது. வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருந்த பை மட்டும் தப்பியது.
5. சவுக்குத் தோப்பு மணலில் நான் இரண்டு முறை விழுந்தேன். இரண்டாவது முறை கிளட்ச் லீவர் பாதியாக உடைந்தது.
6. என்னைத் தூக்கிவிடக் குனிந்த அண்ணனின் சட்டைப்பையிலிருந்து செல்போன் வாய்க்காலில் விழுந்தது.
7. கழுவெளி ஓரத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், குறுக்கே போகாதீர்கள் என்று சொன்னார்.
8. போனோம்.
9. அண்ணனின் வலது முழங்கால் போனது.

ஒன்று

ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். வாகன பிரேக்குகளைச் சோதிக்கும் கூடத்தில் பொறியாளர் வேலை. எங்கள் கூடத்தில் ஏதாவது உடைந்தால் அறிக்கை எழுத வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நடந்ததை மட்டும் எண் போட்டு எழுத வேண்டும். ஏன் ஆனது, யாரால் ஆனது என்றெல்லாம் அந்த இடத்தில் எழுதக்கூடாது. காரணத்துக்கென்று கீழே தனிக் கட்டம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம்.

மேலே உள்ள பட்டியலை அந்த முறைப்படிதான் எழுதினேன். எட்டாவது வரி ஒரே சொல். போகலாம் என்று யார் சொன்னது என்பது அதில் இல்லை. ஒன்பது வருடமாக அது எங்கேயும் இல்லை.

இதை இப்போது எழுத வைத்தவள் என் மகள் இனியா. அவளுக்கு ஆறு வயது. என் கணவர் நெல்லூர்க்காரர் என்பதால் வீட்டில் தெலுங்கு பாதி, தமிழ் பாதி. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஜெர்மன் வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வீடியோவில் பேசும்போதுதான் அவளுடைய தமிழ் வெளியே வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கைபேசியை ஜன்னலில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அவர் நடப்பதை இனியா முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. படத்தில் பெரும்பாலும் முகம்தானே வரும்.

"மாமா, உங்க கால் கபுட்டா?"

உடைந்த பொம்மையிலிருந்து நின்றுபோன வாஷிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரு ஜெர்மன் சொல்தான். அண்ணனுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமாடா கண்ணு, ரிப்பேருதான். மாமா ஒரு நாளு பெரிய ஹீரோவாட்டம் வண்டி ஓட்டிக்கினு போனேன். உள்ள சேறு கீது, போவாதன்னு சொன்னாங்க. கேக்கல. தொப்புனு வுழுந்துட்டேன்."

பின்னால் எங்கிருந்தோ அப்பாவின் குரல் வந்தது. "இன்னா, இன்ஸ்பெக்டரு கத சொல்றாரா? சொல்லு சொல்லு. திமிரு புடிச்ச கத. கொழந்தையாவது கத்துக்கட்டும்."

அண்ணன் சிரித்தார். நான் என் முகம் திரையில் வராதபடி கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

இது நடந்த அடுத்த வாரம் இனியாவின் மழலைப் பள்ளிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். வருடாவருடம் வருவார்கள். சாலையைக் கடப்பது எப்படி, பெரியவர்கள் நில் என்றால் ஏன் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சொன்னதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டபோது, என் மகள் கையைத் தூக்கி இந்தியாவில் இருக்கும் தன் மாமாவின் கதையைச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் அழைத்துவரப் போனபோது அவளுடைய ஆசிரியை சந்தோஷமாகச் சொன்னார். போலீஸ்காரர் எல்லாப் பிள்ளைகளையும் கைதட்டச் சொன்னாராம்.

அண்ணன் போலீஸ் ஆகியிருக்க வேண்டியவர். அது அந்த ஆசிரியைக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு இனியாவுக்கு ஷூ மாட்டிவிட்டேன்.

இரண்டு

அண்ணன் பெயர் ஏழுமலை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் வீடு பிரம்மதேசத்துக்கு உள்ளே தள்ளி, ஏரிப்பாசனம் உள்ள ஊரில். அப்பாவுக்குச் சொந்த நிலம். நெல், மல்லாட்டை, கொஞ்சம் கேப்பை.

2009இல் அண்ணன் சப்-இன்ஸ்பெக்டர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தார். மிச்சம் இருந்தது உடல்தகுதித் தேர்வு. விழுப்புரம் மைதானத்தில் ஓட்டம், நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல். வயது வரம்பு அவருக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. தேறினால் உண்டு, இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை.

அப்பா கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்து வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தில் கட்டிக் கொடுத்தார். அண்ணன் தினமும் விடியற்காலையில் அதில் ஏறுவார். அப்பா கீழே நின்று எண்ணுவார். ஊரில் யாராவது எதிர்ப்பட்டால், "நம்ம பையன் எஸ்.ஐ. ஆவப் போறான்" என்று கேட்காமலேயே சொல்வார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்பா அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

எனக்கும் அதே மாதத்தில் ஜெர்மனிக்கு டிக்கெட். மேல்படிப்பு. அப்பாவுக்கு விருப்பமே இல்லை. பெண் பிள்ளை, இருபத்திரண்டு வயது, அவ்வளவு தூரம், யாரைத் தெரியும் அங்கே? மூன்று மாதம் அண்ணன்தான் அவரோடு மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்.

வண்டி ஓட்ட எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். கோடையில் ஏரி வற்றினால் எங்களுக்கு அதுதான் மைதானம். ஏரித் தரையைப் பார்க்க நம் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெடிப்புக்குள் கையை விட வேண்டும். மணிக்கட்டு வரை போய், விரல் நுனியில் ஈரம் ஒட்டாமல் வந்தால் மாட்டுவண்டி போகலாம். மாட்டுவண்டி போனால் மோட்டார் சைக்கிளும் போகலாம். வரப்பு, மேடு, பள்ளம், மணல் என்று எதிலும் விழாமல் ஓட்ட அந்தத் தரையில்தான் பழகினோம்.

அந்தப் பயணம் என் யோசனை. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன், எங்கள் வீட்டிலிருந்து கடல் வரைக்கும் தார் ரோட்டைத் தொடாமல் போய்வர வேண்டும். ஏரிக்கரை, வண்டிப்பாதை, சவுக்குத் தோப்பு, கழுவெளி ஓரம், பிறகு கடல். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே தாண்டுவது மட்டும் கணக்கில் சேராது. சட்டம் போட்டவளும் நான்தான்.

"தேர்வுக்கு எட்டு நாளுதான் கீது. இப்ப போய்..." என்று அண்ணன் இழுத்தார்.

"ஒரு நாள்தானே, ணா. அப்புறம் நான் எங்க, நீ எங்க."

அந்த வார்த்தைக்கு அவர் மறுப்புச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மூன்று

காலையில் வண்டி கிளம்பாதபோதே திரும்பியிருக்கலாம். அண்ணன் பிளக்கைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கே நாள் நட்சத்திரம் சரியில்ல" என்றார்.

"எஸ்.ஐ. ஐயா நாள் நட்சத்திரம் பாத்துதான் திருடனைப் புடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

முள் ஏறியபோது சிரித்தோம். நாய் சோற்றைத் தின்றபோது இன்னும் அதிகம் சிரித்தோம். பொட்டலத்து வாழையிலையைக்கூட அது விட்டுவைக்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல ரோடு கீதேம்மா, மரக்காணத்துக்கு? அரமணி நேரத்துல பூடலாமே."

"தார் தொடக்கூடாதுங்க. பந்தயம்."

"யார் கூட?"

"சும்மாதாங்க" என்றேன்.

"பேஜாரு புடிச்ச பந்தயம்" என்று சொல்லிக்கொண்டே அவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்.

சவுக்குத் தோப்பில் விழுந்து எழுந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. உடைந்த லீவரின் மிச்சத்தில் இரண்டு விரல் மட்டும் வைத்துக் கிளட்ச் பிடிக்க வேண்டியிருந்தது. செல்போன் வாய்க்காலில் போனதும் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே மேலே போனோம்.

இத்தனை தவறுகளும் பின்னால் வந்ததற்குக் காரணம் அல்ல. அறிக்கை எழுதும்போது நாங்கள் அடிக்கடி செய்யும் பிழை அது. முன்னால் நடந்த எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்து, கெட்ட நாள் என்று ஒரு பெயர் வைத்து, குற்றத்தை நாளின் மேல் போட்டுவிடுவது. முதல் ஆறும் தற்செயல். ஏழாவதிலிருந்துதான் நடந்தது வேறு.

நான்கு

கழுவெளியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கடலுக்கு உள்பக்கமாகப் பல மைல் நீளத்துக்குக் கிடக்கும் உப்பங்கழி. மழையில் தண்ணீர் தளும்பும். வற்றினால் வெள்ளையும் சாம்பலுமாக வெடித்துக் கிடக்கும். நாங்கள் போனபோது நடுவில் ஒரு கீற்றுத் தண்ணீர் மட்டும் மின்னியது. மற்றதெல்லாம் வெடிப்பு. எதிர்க்கரையில் பனைமரங்களுக்கு நடுவே சாலையில் லாரி போவது தெரிந்தது.

கரையோரச் சேற்றில் ஒரு பெண் கூடையோடு நண்டு பிடித்துக்கொண்டிருந்தார். கடலோரக் குப்பத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். அவர் பெயர் அஞ்சலை என்பதை அன்று சாயங்காலம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"எங்க போறீங்க?"

"அந்தாண்ட, யக்கா. கடலுக்கு" என்றார் அண்ணன்.

"வண்டிலயா? வேணாம் தம்பி. சுத்திக்கினு ரோட்டு மேல போங்க. மேல பாத்தா தரையாட்டம்தான் கீது. உள்ள உளைச் சேறு."

"எம்மாந்தூரம் சுத்தணும்?"

"நாலு மைலு வரும். வந்தா இன்னா? முழுசா போய்ச் சேருவீங்க இல்ல?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா மஞ்சு, சுத்திடலாமா?"

அவர் கேட்டார். இதைத்தான் நான் ஒன்பது வருடம் சொல்லவில்லை. அவர் வண்டியைத் திருப்பத் தயாராக இருந்தார். ஒரு காலை ஊன்றி, ஹேண்டிலைப் பாதி திருப்பியும்விட்டார்.

நான் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்தடி நடந்து போனேன். மண்டியிட்டு வெடிப்புக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. விரலைப் பார்த்தேன். ஈரம் இல்லை.

"காஞ்சிருக்குது, ணா. வண்டி தாங்கும்."

"அந்தம்மா வேணான்றாங்களே?"

"அவங்க தண்ணியிலயே இருக்கறவங்க. ஏரித் தரையைப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்?" அஞ்சலையின் காதில் விழும் தூரத்தில்தான் சொன்னேன். பிறகு, "இன்னா, எஸ்.ஐ. ஐயாவுக்குப் பயமா?" என்றேன்.

சுற்றிப் போனால் தார் ரோட்டைத் தொட வேண்டும். பந்தயம் போய்விடும். யாரோடும் இல்லாத பந்தயம்.

"நீ இங்கயே நில்லு. நான் மொதல்ல போறேன். தாங்கிச்சின்னா கையைக் காட்றேன், அதே தடத்துல வா" என்றார்.

நாற்பது மீட்டர் தாங்கியது. அதனால் அவர் வேகத்தைக் கூட்டினார். அதற்கு மேல் முன்சக்கரம் அப்படியே உள்ளே போனது. வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. வலது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பிடிபட்டுக்கொள்ள, உடம்பு மட்டும் இடதுபக்கம் திரும்பி விழுந்தது. கால் ஒரு பக்கம் பிடிபட்டு உடம்பு இன்னொரு பக்கம் சுழன்றால் முட்டிக்குள் இருக்கும் தசைநார் தாங்காது. இது எனக்கு அப்போதே தெரியும், படித்திருக்கிறேன். அவர் கத்திய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அஞ்சலை கத்தியதுதான் கேட்டது.

அஞ்சலை கூப்பிட்டதும், தள்ளிக் கரையேற்றி வைத்திருந்த படகுகள் பக்கமிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். சவுக்குக் கழிகளைக் குறுக்கே போட்டு, பனையோலையைப் பரப்பி, வயிற்றால் ஊர்ந்தபடி அண்ணனிடம் போனார்கள். நான் அவர் காலைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இழுக்காத! கால இழுக்காதன்னு சொல்றேன் இல்ல!" அஞ்சலை என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "சேத்தத் தோண்டு மொதல்ல. ஜல்தி. ரெண்டு கையாலயும் தோண்டு."

தோண்டினேன். ஒரு முழம் வரை உலர்ந்த கட்டி. அதற்குக் கீழே கறுப்பாக, கூழாக, உப்பு நாற்றத்தோடு சேறு. கடல் தண்ணீர் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும் தரை அது. மேலேயிருந்து மட்டும்தான் காயும். எங்கள் ஏரி அப்படி இல்லை. அது அடிவரை காயும்.

அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு அஞ்சலை என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"படிச்ச பொண்ணாட்டம் கீற. கையை வுட்டுப் பாத்தியே, பாத்தேன். முழங்கை வரைக்கும் வுட்டிருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்" என்றார். திட்டுவது போலக்கூட இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஐந்து

மீன் ஏற்றும் வேனில் திண்டிவனத்துக்குப் போனோம். பெட்டியிலிருந்த ஐஸை ஒரு சாக்குத் துணியில் கட்டி அண்ணனின் முட்டியின் மேல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியில் பாதி தூரம் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீ வாயைத் தொறக்காத."

"நான்தானே, ணா, போலாம்னு..."

"தெரியும். நீதான்னு தெரிஞ்சா உன் டிக்கெட்டக் கிழிச்சிப் போட்டுடுவாரு. ஏற்கெனவே எப்படா சாக்கு கெடைக்கும்னு கீறாரு. இன்னும் பதினோரு நாளு. பிளேன்ல ஏறிக் குந்து. போய்ச் சேர்ந்தப்புறம் நீயே போன் பண்ணி சொல்லு."

"சத்தியமா சொல்றேன்."

"சொல்லு. எம்மேல கோவமாவே இருந்தார்னா எனக்கும் கஷ்டமா இருக்கும்."

வேன்காரரின் போனில் தகவல் போயிருந்ததால், ஆஸ்பத்திரி வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அவரிடம், "நான்தான்பா. அந்தம்மா வேணான்னாங்க. நான் கேக்கல" என்றார். அப்பா வீட்டுக்குப் போய் முதலில் புளியமரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அதைப் பிறகு கன்றுக்குட்டிக்குக் கட்டினார். தேர்வு நாளன்று அண்ணன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அதற்கு மூன்றாம் நாள் நான் விமானம் ஏறினேன்.

வந்து சேர்ந்த முதல் வாரத்தில், பதிவு அலுவலகத்தில் என் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலர் கேட்டார்: நீங்கள் பிறந்தது தென்னாற்காட்டிலா, விழுப்புரத்திலா? இரண்டும் ஒன்றுதான், நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, 1993இல், மாவட்டத்தைப் பிரித்தார்கள் என்று பாதி ஜெர்மனில் பாதி சைகையில் விளக்கினேன். பிறகு பல்கலைக்கழகப் படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினேன். அங்கிருந்த பெண் பென்சிலால் அதை மெதுவாக அடித்தார். இந்த நாட்டில் இருப்பவர் வேண்டுமாம். அந்த வரி நான்கு மாதம் காலியாக இருந்தது.

முதல் தடவை வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பாதான் எடுத்தார். நல்லா சாப்பிடறியா, குளிருதா என்று கேட்டுவிட்டு, "உங்கண்ணன் இன்ஸ்பெக்டரு படுத்துக்கினு கீறாரு, பேசறியா?" என்றார். அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. போன் கார்டில் சில நிமிடம்தான் மிச்சம், அவசரமாகச் சொல்லும் விஷயமா இது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. பரீட்சை. அண்ணனுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை, அந்த நேரத்தில் வேண்டாம். என் கல்யாணம், வீட்டில் எல்லோரும் சிரிக்கும் நேரம். இனியா வயிற்றில். இடையில் அண்ணன் கல்யாணம். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்துக்குச் சரியான காரணம்தான், சரிபார்த்திருக்கிறேன். இனியா பிறப்பதற்கு முன்பும், அவள் கைக்குழந்தையாக இருந்தபோதும், இரண்டு தடவை ஊருக்கும் போனேன். அண்ணன் திண்டிவனத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டிருந்தார். அப்பா கடைக்கு வந்து வாடிக்கையாளர்கள் எதிரில், "எங்க நம்ம இன்ஸ்பெக்டரு?" என்று கேட்டதை நான் நேரில் பார்த்தேன். அண்ணன், "இதோ வர்றேன்பா" என்று நொண்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு பிரேக் கேபிளை அளந்து கொடுத்தார்.

ஆறு

போலீஸ்காரர் பள்ளிக்கு வந்துபோன அந்த வாரம் சனிக்கிழமை, அப்பாவின் போனுக்கு நேராக அடித்தேன். நிலத்தில் இருந்தார். மோட்டார் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா இந்நேரத்துல? கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லா இருக்குதுபா. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். வரிசையாகவே சொன்னேன், அப்படித்தான் எனக்கு வரும். அஞ்சலை சொன்னது, அண்ணன் கேட்டது, நான் கையை விட்டுப் பார்த்தது, நான் சொன்னது. அப்பா மோட்டாரை நிறுத்தினார். அதன் பிறகு அந்தப் பக்கம் காக்கைச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"சுத்திப் போலாமான்னு கேட்டானா அவன்?"

"கேட்டாருபா."

"ஒன்பது வருசமாடி?"

அப்பா என்னை டி போட்டு அழைத்ததே கிடையாது.

"நான் அவன எத்தினி பேரு எதிர்ல பேசிருக்கறேன் தெரியுமா? அவன் கல்யாணப் பந்தல்ல பேசிருக்கறேன். சம்பந்திங்க எதிர்ல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, பதில் பேசிருப்பானா அவன்? இத ஏம்மா இப்ப சொல்ற? இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவன் எதிர்ல குந்துவேன்?"

வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் பேசினார். கடையில் இருந்தார். படம் இல்லாமல் குரல் மட்டும்.

"சொல்லிட்டியாமே."

"சொல்லணும்னு..."

"நீ போன புதுசுல, உன்கிட்டருந்து போன் வந்தா நான் அப்பா மூஞ்சியத்தான் பாப்பேன். இன்னிக்குச் சொல்லிட்டியோ, இன்னிக்குச் சொல்லிட்டியோன்னு. ஒரு வருசம் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன். வுட்டப்புறம் ஒண்ணும் தெரியல. இன்ஸ்பெக்டருன்னு கூப்ட்டா, சரி, நம்ம பேருன்னு போய்க்கினு இருந்தேன். இப்ப இன்னா பண்றாரு தெரியுமா? ஏழுமலைன்னு கூப்புடறாரு. பயமா கீது மஞ்சு. நான் சாப்ட வந்தா எழுந்து வெளிய போய்டறாரு. நேத்து கடைக்கு வந்து, ஸ்டூலத் தொடச்சி, நீ குந்துன்றாரு."

"நான் அப்பவே சொல்லிருக்கணும், ணா."

"அப்பவே சொல்லிருந்தா சண்டையாப் போய் முடிஞ்சிருக்கும். எழுபது வயசுல இத எங்க கொண்டுபோய் வெப்பாரு அவரு?" யாரோ அவரிடம் செயின் கவர் கேட்டார்கள். இருங்க என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார். "நீ அங்கருந்து ஒரு போன் போட்டு எறக்கி வெச்சிட்ட. இங்க அதத் தாண்டித் தாண்டி நடக்கறது நாங்கதான? சரி வுடு. கஸ்டமர் நிக்கறாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இனியாவிடமும் சொன்னேன். மாமா கேட்டார், அம்மாதான் கேட்கவில்லை என்று. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். யோசித்துவிட்டு ஜெர்மனில் கேட்டாள்: அப்படியென்றால் நான் போலீஸிடம் பொய் சொன்னேனா? இல்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு பேச வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. என்னிடம் கோபமா, மாமாவிடம் வெட்கமா என்று கேட்டேன். அதற்கு அவளிடம் தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை.

ஏழு

இப்போது நிலவரம் இது.

அறிக்கையில் காரணக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். வேண்டாம் என்று சொன்னவருடைய பேச்சைத் தள்ளிவிட்டு, எங்கள் ஏரிக் கணக்கை வேறொரு தரைக்குப் போட்டு, போகலாம் என்று மஞ்சுளா சொன்னாள். ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அதற்குக் கீழே, சரிசெய்ய என்ன செய்யப்பட்டது என்று இன்னொரு கட்டம் உண்டு. அதில் ஒன்றும் எழுதவில்லை.

அப்பா அண்ணனை ஏழுமலை என்றுதான் கூப்பிடுகிறார். என்னோடு பேசுவதில்லை. அம்மா போனை அவரிடம் நீட்டினால் மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறாராம். நான் போன் செய்தால் அண்ணன் எடுக்கிறார். மழையைப் பற்றியும் கடையைப் பற்றியும் பேசுகிறார்.

ஜனவரியில் மூன்று வாரம் விடுப்பு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அப்பாவையும் அண்ணனையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, மறுபடி முதலிலிருந்து நானே நேரில் சொல்ல வேண்டும். மரக்காணம் பக்கம் போய் அஞ்சலையைத் தேட வேண்டும். அண்ணனிடம் தேதியைச் சொன்னேன்.

வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.